சட்டைப் பொத்தானும் ஒரு பாடம்தான்!

குழந்தைகளே! பள்ளிக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது யார்? "நானேதான்" என்கிறீர்களா? நல்லது. நாளைக்கு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டாவது பொத்தானுக்கே வேர்த்துவிடும்!

மூளை முடக்குவாதம் வந்த ஒரு குழந்தைக்குத் தினமும் காலையில் இதே பாடுதான். விரல் இருக்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த விரல்களைப் பழக்கி, வேலை வாங்கக் கற்றுத்தருபவர்தான் 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்'. தமிழில் செயல்முறை சிகிச்சையாளர் என்கிறார்கள்.

"பிசியோதெரபிஸ்ட் வேறு, இவர் வேறா?" என்று கேட்பீர்கள். வேறுதான். பிசியோதெரபிஸ்ட் காலுக்குப் பலம் ஏற்றி நடக்க வைப்பார். இவரோ, அந்தக் காலால் பள்ளிக் கழிப்பறை வரை போய், தாழ்ப்பாளைத் திறந்து, வேலையை முடித்து, கை கழுவிவிட்டு வகுப்புக்குத் திரும்ப வைப்பார். சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது எல்லாமே இவருடைய பாடத்திட்டம். பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஆட்டிசக் குழந்தைக்குச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதும் இவர் வேலையே.

பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பென்சிலைப் பிடிக்க முடியாத பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா பழைய சைக்கிள் டியூபை நறுக்கி, பென்சிலில் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தார். பிடி கிடைத்ததும் எழுத்து வந்துவிட்டது. செயல்முறை சிகிச்சையாளர்கள் சொல்லித்தரும் உத்தியும் இதுதான். கரண்டிக் காம்பில் துணி சுற்றுவது, மேசையைச் சாய்வாக்குவது, கால் தொங்காமல் இருக்கப் பலகை போடுவது, புளியங்கொட்டை பொறுக்க வைத்து விரலுக்குப் பயிற்சி தருவது என்று எத்தனையோ!

நம் நாட்டில் இந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். 1950-ல் மும்பையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலுக்கு வேலை வேண்டுமே? தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதன் மேற்கே கல்வராயன் மலை. கடுக்காய், மரவள்ளிக் கிழங்கு, சாமை விளையும் ஊர்கள். அங்கே வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள், இவர்கள் பேசுவது தமிழ்தான்!

அந்த மலைக் கிராமத்தில் ஒரு குழந்தைக்குக் கை வரவில்லை என்றால் என்ன செய்வது? சட்டத்தில் குறையில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2012-ல் திருத்தப்பட்டபோது மாற்றுத்திறன் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. கடுமையான குறைபாடு இருந்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றது. 2016-ம் ஆண்டுச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு என்கிறது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பயணப்படியும் உண்டு. உலக வங்கி 2022-ல் கடன் தர ஒப்புக்கொண்ட 'உரிமைகள்' திட்டத்தின்கீழ், 'விழுதுகள்' என்ற பெயரில் எல்லாச் சிகிச்சையும் ஒரே இடத்தில் கிடைக்கும் மையங்களைத் தமிழக அரசு அமைக்கத் தொடங்கியது.

பிறகென்ன சிக்கல்? தூரம்தான்!

இந்தச் சிகிச்சை தடுப்பூசி மாதிரி ஒருமுறை போட்டு முடிவதல்ல. வாரா வாரம், மாதக்கணக்கில் நடக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி போய்த் திரும்ப அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் பணத்தை அரசு தந்தாலும் கூலியை யார் தருவது? நான்கு வாரம் வருவார்கள், ஐந்தாவது வாரம் கிழங்கு பிடுங்கும் வேலை வந்துவிடும். இதைப் 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று எழுதி வைப்பது சரியல்ல என்பது என் கருத்து. சிகிச்சையாளர்தான் மலை ஏற வேண்டும். ஆனால் தொகுப்பூதியத்தில் இருப்பவரை எத்தனை காலம் ஏறச் சொல்வது?

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-ல் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. குழந்தையின் முன்னேற்றத்தை அவர்கள் செல்போன் செயலியில் பதிவு செய்கிறார்கள். சிகிச்சையாளர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள்.

கல்வராயனுக்கும் இது பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். "ஊர்ப் பெண் இருக்கிறாரே" என்று சொல்லி, நான்கு ஆண்டுக்கு மேல் படித்த சிகிச்சையாளரின் பணியிடத்தைக் காலியாகவே விட்டுவிடக் கூடாது. தவறாகப் பிடித்து இழுத்தால் மூட்டு கெட்டுவிடும்; யாருக்கு எந்தப் பயிற்சி என்று முடிவு செய்ய அவர்தான் வேண்டும்.

இன்னொரு வசதியும் கீழேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது உங்களுக்குத் தெரியும்தானே? வாகனமும் சாமி சிலையும் செதுக்கும் அந்தக் கைகளுக்கு, முதுகு நிமிர்ந்து உட்கார ஒரு மூலை நாற்காலி செய்வது சிரமமா என்ன? அளவை மட்டும் சிகிச்சையாளர் எடுத்துத் தர வேண்டும். குழந்தை வளர வளர நாற்காலியும் மாற வேண்டும். வெளியூரிலிருந்து வரும் ஒரே அளவு நாற்காலியில் அது நடக்காது. உள்ளூர்த் தச்சரிடம் நடக்கும்.