விதைநெல்லும் மருத்துவக் கோப்பும்

மருத்துவமனையின் கணினி முடங்குவது கணினிப் பிரிவினரின் கவலை மட்டுமே எனப் பலர் எண்ணுகின்றனர். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு, எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு, இன்சுலின் அளவு, முந்தைய அறுவை சிகிச்சையின் விவரம் ஆகியவை இன்று பெரும்பாலும் கணினியிலேயே காக்கப்படுகின்றன. அவை கைக்கு எட்டாமற்போனால் சிகிச்சையே தடுமாறும். ஆகவே ரான்சம்வேரைப் பற்றி நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் அறிந்திருத்தல் நலம்.

ரான்சம்வேர் என்பது கணினிக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டி, திறவுகோலுக்குப் பணம் கேட்டு மிரட்டும் தீய மென்பொருள். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்; ஆனால் எவராலும் படிக்க இயலாத சங்கேதமாக மாறிவிடும். பூட்டுவதற்கு முன்னரே தகவல்களைத் திருடிக்கொண்டு, அவற்றை வெளியிடுவதாக அச்சுறுத்துவதும் உண்டு.

2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இத்தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்கு வழிவகுத்ததென மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. புறநோயாளர் பதிவு முதல் உள்நோயாளரை வீட்டுக்கு அனுப்புவது வரை எல்லாப் பணிகளும் கையெழுத்திலேயே நடந்தன. பெரும்பாலான சேவைகள் மீள இரண்டு வாரங்கள் ஆயின. பாதிப்புக்கு உள்ளாகாத காப்பு சர்வர் ஒன்றில் தரவின் படி இருந்ததே மீட்சிக்கு உதவியது.

அயர்லாந்தின் அனுபவம் இன்னும் கடுமையானது. 2021 மார்ச்சில் ஊழியர் ஒருவர் திறந்த மின்னஞ்சல் இணைப்பின் வழியே நுழைந்தவர்கள், மே 14 அன்று அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையின் கணினிகளைப் பூட்டினர். அரசு பணம் தர மறுத்தது. ஒரு வாரத்திற்குள் தாக்கியவர்களே திறவுகோலை இலவசமாக அளித்தனர். ஆயினும் சர்வர்கள் முழுவதையும் மீட்கச் செப்டம்பர் வரை ஆயிற்று. பணம் கொடுத்தால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை இது காட்டுகிறது.

காவிரிக் கரையில் வாழும் நமக்கு இதன் பாடம் புதிதன்று. விதைநெல்லை எவரும் உணவு நெல்லோடு கலந்து வைப்பதில்லை. வீட்டில் எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் அதில் கை வைப்பதுமில்லை. வெள்ளத்தில் நாற்று அழுகினாலும் மறுபடி விதைக்க அதுவே துணை. தரவின் காப்புப் படியும் அத்தகையதே. அது முதன்மைக் கணினியோடு எப்போதும் இணைந்தே இருந்தால், பூட்டுபவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

இதில் முதற்பொறுப்பு மருத்துவமனைகளுடையது. வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட காப்புப் படி, அதிலிருந்து மீட்க முடிகிறதா என்ற சோதனை, காலந்தவறாத மென்பொருள் புதுப்பிப்பு, கணினி இல்லாமலும் பணியாற்றும் பயிற்சி ஆகியவை கட்டாயமாக வேண்டும். இவை உள்ளனவா எனக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அக்கேள்வியை எந்த மருத்துவமனையும் குறையாகக் கொள்ளலாகாது. கணினி வந்துவிட்டதால் காகிதம் வேண்டாம் என்ற அவசரத்தையும் நாங்கள் ஏற்கவில்லை.

நோயாளியின் கையிலும் ஒரு விதைநெல் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் வரிசையாகச் சேர்த்து வையுங்கள். முதல் பக்கத்தில் நோய்கள், மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, இரத்த வகை ஆகியவற்றை எழுதுங்கள். தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்பப்படும்போது அந்த ஒரு பக்கமே பல கேள்விகளுக்கு விடை தரும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவ ஆவணங்களை அளிக்க வேண்டுமென 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

மருத்துவமனைக் கணினியில் உங்கள் பென்டிரைவைச் செருகவோ கைபேசிக்கு மின்னேற்றவோ கேட்கும்போது ஊழியர் மறுத்தால் வருந்த வேண்டாம். அம்மறுப்பு அனைவரின் பாதுகாப்புக்காகவே. வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பையும், அறியாதவர் அனுப்பும் மின்னஞ்சல் இணைப்பையும் திறக்காதீர்கள்.

வீட்டுக் கணினியில் மிரட்டல் செய்தி தோன்றினால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். காப்புப் படி உள்ள வன்தட்டை அப்போது இணைக்காதீர்கள். செய்தியைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் அனுப்ப அவசரப்படாதீர்கள். ஐரோப்பியக் காவல்துறையினர் பங்கேற்று நடத்தும் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சிலவகை ரான்சம்வேருக்கு இலவசத் திறவுகோல்கள் கிடைக்கின்றன. கணினியை முழுவதும் தூய்மையாக்கிய பின்னரே காப்புப் படியிலிருந்து கோப்புகளை மீட்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் கோப்பைக் கொண்டு வாருங்கள். முதல் பக்கம் எழுதப்படாமல் இருந்தால் செவிலியரிடம் கேளுங்கள். உடனிருந்து எழுத உதவுவது எங்கள் கடமை.