அழுக்குத் தண்ணியை யார் கொட்டுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் போன் செய்தான். சென்னையில் ஒரு கிளீனிங் கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறான். வீடு வீடாகப் போய் சோபா, கார்பெட், மெத்தை ஆகியவற்றை மெஷின் வைத்துச் சுத்தம் செய்யும் வேலை. அன்றைக்கு அவனோடு போகவேண்டிய பையனுக்குக் காய்ச்சல். "அண்ணே, மெஷினைத் தூக்க ஒரு ஆள் வேணும். கொஞ்சம் வர்றீங்களா?" என்று கேட்டான். போனேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, பதினோராவது மாடி. கேட்டில் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டு, "சர்வீஸ் லிஃப்ட்ல போங்க" என்றார் செக்யூரிட்டி.

ஹாலில் பெரிய கார்பெட். அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று அன்றுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்கு இரண்டு தொட்டிகள். ஒன்றில் ஷாம்பு கலந்த நல்ல தண்ணீர். குழாய் வழியாக அது கார்பெட்டுக்குள் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. பிரஷ் போட்டுத் தேய்த்ததும் அதே மெஷின் அந்த ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சிய தண்ணீர் இரண்டாவது தொட்டிக்குப் போகிறது. தண்ணீர் தெளிவாக வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் சுற்றில் வந்தது கருப்பு டீ மாதிரி இருந்தது. வீட்டுக்கார அம்மா ஆச்சரியப்பட்டு போனில் படம் எடுத்துக்கொண்டார்.

தொட்டி நிரம்பியதும் தம்பி அதைக் கழற்றி பாத்ரூம் பக்கம் தூக்கிக்கொண்டு போனான்.

"தம்பி, அதை இங்க ஊத்தாதீங்க. கீழ கொண்டுபோய் ஊத்திடுங்க."

"மேடம், வெறும் தூசித் தண்ணிதான். டாய்லெட்ல ஊத்தி ஃபிளஷ் பண்ணிடுறேன்."

"வேணாம்ப்பா. கீழ டிரெயின் இருக்கு பாருங்க."

பதினோரு மாடி, மூன்று தடவை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டி நிரம்பினால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. சர்வீஸ் லிஃப்ட் வரும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. எங்களிடம் சாதி கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், பேப்பர் கப்பில். ஆனால் அந்தத் தொட்டியில் இருந்தது என்ன? அந்த வீட்டாரின் கால் தூசி, அந்த வீட்டுக் குழந்தை சிந்திய பால், அந்த வீட்டு நாயின் முடி. கார்பெட்டில் இருந்தவரை அது அவர்களுடைய அழுக்கு. மேலேயே உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். மெஷினுக்குள் போன நிமிடத்தில் அது எங்களுடைய அழுக்காகிவிட்டது. அவர்கள் மலம் போகும் கழிப்பறையில்கூட அதை ஊற்றக்கூடாது.

நண்பர்களே, இந்த மெஷினை வைத்தே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். "மெஷின் வந்துவிட்டது, இனி சுத்தம் செய்யும் வேலையில் சாதி எங்கே இருக்கிறது?" என்று கல்லூரியில் உங்களைக் கேட்பார்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அந்த இரண்டாவது தொட்டியில் இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் பூத் என்ற பொறியாளர் தூசி உறிஞ்சும் எந்திரத்தை உருவாக்கினார். அது வீட்டுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீளக் குழாய்களை உள்ளே விட்டுக் கார்பெட்டைச் சுத்தம் செய்தார்கள். அதாவது மெஷின் ஆளோடு சேர்ந்து வாடகைக்கு வந்தது.

சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் என்ற துப்புரவுத் தொழிலாளி இருந்தார். ஒரு பெரிய கடையில் கார்பெட்டைப் பெருக்குவது அவர் வேலை. ஆஸ்துமா நோயாளி. பெருக்கும்போது கிளம்பும் தூசி அவர் மூச்சை அடைத்தது. ஒரு ஃபேன் மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை இவற்றை வைத்து, கையில் தள்ளிக்கொண்டு போகும் மெஷினை அவரே செய்தார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதைத் தோல் பொருள் வியாபாரம் செய்த ஹூவர் வாங்கினார். ஸ்பாங்லருக்கு ராயல்டி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. இன்றைக்கும் இங்கிலாந்தில் வீட்டைச் சுத்தம் செய்வதற்கே 'ஹூவர்' என்றுதான் சொல்கிறார்கள். தன் நெஞ்சுக்குள் போகும் தூசியைத் தடுக்க ஒரு தொழிலாளி கண்டுபிடித்த மெஷின் அது என்பதை நீங்களாவது நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். வீட்டு வேலையாட்கள் குறையக் குறைய, நடுத்தர வர்க்க வீடுகளில் மெஷினை அந்த வீட்டுப் பெண்ணே தள்ளினாள். மெஷின் வந்ததால் அவளுடைய வேலை குறையவில்லை என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு புத்தகமே எழுதினார். அது தனிக் கதை. இன்றும் அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கார்பெட் கழுவும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய், தானே கழுவி, அழுக்குத் தண்ணீரைத் தன் கழிப்பறையில் கொட்டிவிட்டு, மறுநாள் மெஷினைத் திருப்பிக் கொடுக்கிறார். அமெரிக்கா சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே ஹோட்டல்களையும் ஆபீஸ்களையும் சுத்தம் செய்வதில் கறுப்பினப் பெண்களும் புலம்பெயர்ந்த பெண்களும் எவ்வளவு பேர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொந்த வீட்டின் அழுக்குத் தண்ணீரைத் தானே கொட்டினால் மரியாதை போய்விடும் என்று அங்கே ஒரு சராசரி மனிதர் நினைப்பதில்லை.

இங்கே என்ன நடந்தது? 1980களில் டை கட்டிய விற்பனைப் பையன்கள் வீடு வீடாகப் போய் வேக்குவம் கிளீனரை ஓட்டிக் காட்டி விற்றார்கள். வாங்கியவர்கள் பலர். அதைத் தள்ளியவர் யார்? பெரும்பாலான வீடுகளில் வேலைக்கு வரும் அக்காதான். அவர் கையில் இருந்த துடைப்பம் போய் மெஷின் வந்தது. சம்பளம் ஏறவில்லை, "மெஷின்தானே செய்யுது" என்று இன்னும் இரண்டு வேலை சேர்ந்தது. இன்று மெஷின் வாடகைக்கும் வருகிறது. ஆனால் வெறும் மெஷினாக வந்தால் யாரும் எடுப்பதில்லை. ஆளோடுதான் வரவேண்டும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய குதிரை வண்டி நம் ஊரில் செயலி வழியாக வந்து நிற்கிறது.

சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழ் என்று பிரித்து அடுக்குகிறது என்பதை பாபாசாகேப் அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். மெஷின் வேலையை மாற்றும். அந்த அடுக்கைத் தானாக மாற்றாது.

இதைச் சட்டத்திலேயே பார்க்கலாம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து, வரையறைப் பகுதியைப் படியுங்கள். மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்று ஒரு விளக்கம் இருக்கும். கருவி வந்தால் பெயர் மாறிவிடுகிறது. ஆள் மாறுகிறாரா? கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் தொழிலாளர்களைக் கணக்கெடுத்த மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தின் விவரங்கள் 2024இல் வெளிவந்தன. அப்போது பதிவு செய்யப்பட்டிருந்த சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 சதவீதம் பட்டியல் சாதியினர். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே எந்திரமயம் என்ற சொல் இருக்கிறது.

சோபா கழுவுவதும் சாக்கடையில் இறங்குவதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றில் உயிர் போகிறது. கார்பெட் கிளீனிங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், மற்ற சாதி ஏழைகளும் இருக்கிறார்கள். ஆனால் அழுக்கு யாருடையது, அதைத் தூக்க வேண்டியவர் யார் என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பதினோராவது மாடியில் நான் பார்த்தது அந்தக் கணக்கைத்தான்.

அப்படியானால் மெஷின் வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். எந்திரத்தைப் பழித்துக் கைவேலையைப் புகழ்ந்த காந்தியத்தை அம்பேத்கர் 1945இல் கடுமையாக மறுத்தார். தீமைக்குக் காரணம் எந்திரம் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும் சமூக அமைப்புதான் என்றார். எந்திரம் இல்லாமல் உழைப்பாளிக்கு ஓய்வு கிடையாது, ஓய்வு இல்லாமல் பண்பட்ட வாழ்க்கை கிடையாது என்பது அவர் வாதம். துடைப்பத்தின் பெருமையை நம்மிடம் யாராவது பாட வந்தால் இந்த வாதத்தை எடுத்து வையுங்கள்.

என் கேள்வி மெஷின் யாருடையது என்பதுதான். அன்று தம்பி போனது நான்கு வீடுகளுக்கு. அவனுக்குக் கிடைத்த நாள் கூலி 650 ரூபாய். முதல் வீட்டில் மட்டும் வாங்கிய பணம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். மீதி ஷாம்புக்கும் வண்டிக்கும் மெஷின் முதலாளிக்கும் போகிறது. தம்பிக்கு எந்தக் கறைக்கு எந்த மருந்து, எந்தத் துணிக்கு எவ்வளவு ஈரம் என்று எல்லாம் தெரியும். முதலாளிக்கு அந்த மெஷினை ஓட்டத் தெரியுமா என்பதே சந்தேகம். தொழில் தெரிந்தவனிடம் மெஷின் இல்லை.

"நீயே ஒண்ணு வாங்கலாமே?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"யாருண்ணே லோன் குடுப்பா?" என்றான்.

இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. ஏனென்றால் கொடுக்க வழி இருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கியது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத முதலீட்டு மானியம், வங்கிக் கடனுக்கு 6 சதவீத வட்டி மானியம். சேவைத் தொழிலும் இதில் அடங்கும். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். டெல்லி அரசு 2019இல் 200 கழிவுநீர் எந்திர வண்டிகளைக் கொண்டுவந்தபோது, தொழிலாளர்களையே அவற்றின் உரிமையாளர்களாக ஆக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2024இல் சென்னையிலும் 200க்கும் மேற்பட்ட தூய்மைப் பணியாளர்களுக்கு அப்படி வாகனங்கள் கொடுக்கப்பட்டன. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. காலம் முழுவதும் நம் பிள்ளைகள் சுத்தம் செய்யும் தொழிலிலேயே இருக்க, அதற்கு 'தொழில்முனைவோர்' என்று பட்டம் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. வேறு தொழிலுக்குப் போகும் கதவும் திறந்திருக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு இந்த வேலையில் இருப்பவன் கூலியாகவே ஏன் இருக்க வேண்டும்?

மாணவர்களே, உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு.

உங்கள் ஊரில் வீடு சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவர்களிடம் பேசுங்கள். நான்கு கேள்விகள் போதும். மெஷின் யாருடையது? வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தில் உங்களுக்கு எவ்வளவு? முகக்கவசமும் கையுறையும் யார் வாங்கிக் கொடுக்கிறார்கள்? அழுக்குத் தண்ணியை எங்கே கொட்டச் சொல்கிறார்கள்? பதில்களை எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம், அவர்கள் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. நமக்குப் புள்ளிவிவரம் கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை, நாம்தான் சேர்க்க வேண்டும்.

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007 முதல் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. செயலி வழி வேலை செய்பவர்களுக்கும் 2023இல் நல வாரியம் அமைத்தார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்யுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மெஷின் வாங்க நினைத்தால் திட்ட அறிக்கை எழுதிக் கொடுங்கள். உங்கள் படிப்பு அதற்குத்தான் முதலில் உதவ வேண்டும்.

ஆதிக்க சாதி நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. மெஷினை வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள், ஆளையும் கூப்பிடுங்கள். அதற்கு உரிய பணத்தைக் கொடுங்கள். தொட்டி நிரம்பியதும், "இதோ பாத்ரூம், இங்கேயே ஊத்துங்க" என்று கதவைத் திறந்துவிடுங்கள். அது உங்கள் அழுக்குதான்.

தம்பியும் நானும் அடுத்த வாரம் தொழில் மையத்துக்குப் போகிறோம். விண்ணப்பம் என்ன ஆனது என்று பிறகு எழுதுகிறேன்.

ஜெய்பீம்.