விதை நெல்லைக் குத்தலாமா?

பாட்டி பாடிய தாலாட்டு ஒரு பழைய கேசட்டில் இருக்கிறது. பேரன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். எந்த வகையில் சேமிப்பது என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. "எது சின்னதோ அது போதும்!" என்று பேரன் பொத்தானை அழுத்திவிடுகிறான்.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. ஆனால் அந்த ஒரு நொடியில் பாட்டியின் குரலுக்கு என்ன நேர்கிறது? இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸி.டி. என்னும் இசைத்தட்டு 1982-ல் விற்பனைக்கு வந்தது. அதில் ஓசையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாக எழுதி வைக்கிறார்கள். 5 நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 50 மெகாபைட் இடம் வேண்டும். அதே பாட்டைச் சாதாரண எம்.பி.3 ஆக்கினால் சுமார் 5 மெகாபைட் போதும். பத்தில் ஒரு பங்கு!

இது மந்திரமா? இல்லை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரிலுள்ள பிரான்ஹோபர் நிலையத்தின் விஞ்ஞானிகள் இந்த முறையை உருவாக்குவதில் பெரும் பங்கு கொண்டவர்கள். கல்யாண வீட்டில் மேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை அல்லவா? அதுபோல, பெரிய ஓசை சிறிய ஓசையை மறைத்துவிடுகிறது. மறைந்துபோகும் ஓசைக்கு இடம் எதற்கு என்று அதைக் குறைத்துவிடுகிறார்கள்.

வேலை சுலபமாக முடியவில்லை. அமெரிக்கப் பாடகி சூசன் வேகா பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய பாட்டு ஒன்று 1987-ல் வெளிவந்த இசைத்தட்டில் இருந்தது. அதைச் சுருக்கிப் பார்த்தார் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற விஞ்ஞானி. குரல் கெட்டுப்போயிற்று! திரும்பத் திரும்ப அதே பாட்டைக் கேட்டு, முறையைத் திருத்தினார். தனிக் குரலில் குறை ஒளிய இடம் இல்லை. பாட்டியின் தாலாட்டும் தனிக் குரல்தானே!

அதிகமாகச் சுருக்கினால் ஜால்ராவின் கூர்மை மங்கும். கைதட்டல் சலசலப்பாகிவிடும். ஆனால் விநாடிக்கு 256 அல்லது 320 கிலோபிட் அளவில் நன்றாகச் சுருக்கினால், பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே எம்.பி.3 மீது பழி சொல்ல வேண்டாம். ஆயிரக்கணக்கான பாட்டுக்களை ஏழையின் சட்டைப் பைக்குள் கொண்டுவந்து சேர்த்தது அதுதான்.

பின் தவறு எங்கே? சுருக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்தை விட்டுவிடுவதில்தான் இருக்கிறது.

நெல்லைக் குத்தினால் அரிசி கிடைக்கும். சமையலுக்கு அது போதும். ஆனால் அரிசியை மறுபடி நெல்லாக்க முடியுமா? அதை விதைத்தால் முளைக்குமா? நீக்கிய ஓசையும் அப்படித்தான். 128 கிலோபிட்டை 320 ஆக மாற்றினால் இடம்தான் அதிகமாகும். போன ஓசை திரும்பாது. எம்.பி.3-ஐ வெட்டி ஒட்டி மறுபடியும் எம்.பி.3 ஆகச் சேமித்தால் இன்னும் கொஞ்சம் போகும்.

இதற்கு வழி இருக்கிறது. வேவ் என்ற வகையில் சேமித்தால் அளந்த எண்கள் அப்படியே இருக்கும். 2001-ல் வந்த ஃபிளாக் என்ற வகையும் உண்டு. அது புடவையை மடித்து வைப்பது போல. பெரும்பாலும் பாதி முதல் முக்கால் பங்கு இடம் போதும். விரித்தால் ஒரு நூல்கூடக் குறையாது. அந்த நாளில் கம்ப்யூட்டரில் இடத்துக்குப் பஞ்சம். இன்று அந்தப் பஞ்சம் இல்லை. பிறகு ஏன் கஞ்சத்தனம்?

வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் காலம் தாழ்த்தக் கூடாது. நாடா நாளுக்கு நாள் கெடுகிறது. அதை ஓட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. முதலில் வேவ் அல்லது ஃபிளாக் வகையில் பதிவு செய்யுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். அதன் பிறகு செல்போனில் கேட்க ஒரு எம்.பி.3 எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரிகளைப் பதிவு செய்யும் சபாக்களுக்கும், ஊர்ப் பெரியவர்களின் பாட்டைச் சேகரிக்கும் இளைஞர்களுக்கும் நாம் சொல்வது இதுவே.

சாப்பாட்டுக்கு அரிசி இருக்கட்டும். விதை நெல் பத்திரமாக இருக்கட்டும். பாட்டி மறுபடி வந்து பாடப் போவதில்லை!