விழுங்கவும் கற்க வேண்டும்

அண்மையில் குருக்கள்மடத்தில் அயல்வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே மூன்று வயதுக் குழந்தையொன்று, கழுத்தில் பொருத்திய சுவாசக் குழாயுடன் வைத்தியசாலையிலிருந்து திரும்பியிருந்தது. உணவு மூக்குவழிக் குழாயினால் ஊட்டப்பட்டது. பாட்டியார் கலங்கிய கண்களுடன், “பிள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு தம்பி, ஒரு மிடறு தண்ணி குடுத்தால் என்ன?” என்றார்.

பாசம் கேட்ட கேள்விதான். ஆயினும், அந்த ஒரு மிடறே ஆபத்தாகலாம்.

1825ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர் பிரெத்தோனோ, தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுத் திணறிய சிறுமியொருத்தியைக் கழுத்தில் துளையிட்டுக் காப்பாற்றினார். அன்றுதொட்டு இச்சிகிச்சை எத்தனையோ குழந்தைகளின் மூச்சைக் காத்துள்ளது. ஆனால், மூச்சு மீண்டபின் உண்ணும் வழியையும் மீட்க வேண்டுமன்றோ?

நாம் விழுங்கும்போது மூச்சு நொடிப்பொழுது நிற்கிறது, குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கிறது, உணவுக்குழாய் திறக்கிறது. கழுத்திலுள்ள குழாய் குரல்வளையின் எழுச்சியைத் தடுக்கக்கூடும். மூச்சு மூக்கின் வழியே செல்லாமையால் மணமும் சுவையும் குன்றும், இருமலும் வலுவிழக்கும். விரைந்தோடும் தண்ணீர் எளிதில் நுரையீரலை அடையும். சில குழந்தைகளுக்கு இருமலே இன்றிப் புரையேறுவதுமுண்டு. ஆதலால், எக்ஸ்ரே முதலிய பரிசோதனைகள் தேவைப்படலாம்.

நெடுநாள் வாயால் உண்ணாத குழந்தை கரண்டியைக் கண்டதும் முகந்திருப்பும். அது பிடிவாதமன்று; அச்சமும் பழக்கமின்மையுமே. இதனை மாற்றப் பயிற்றுவோர் பேச்சுச் சிகிச்சையாளர். ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இத்துறைக்குப் பட்டப்படிப்பும் உண்டு. உதட்டையும் நாவையும் மெல்லத் தொட்டுப் பழக்குதல், நிமிர்ந்து அமர்த்துதல், கரண்டி நுனியளவு சுவை காட்டுதல், பின்னர் தயிர்போல் தடித்த உணவு எனப் பயிற்சி படிப்படியாக வளரும். சிலருக்குக் குழாயின் முகப்பில் ஒருவழி அடைப்பிதழ் பொருத்தி, வெளிமூச்சைக் குரல்வளை வழியே திருப்புவர். ஒவ்வொரு படியையும் தீர்மானிக்க வேண்டியவர் சிகிச்சையாளரே.

தாய்மார்களே, வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது யாது? அனைவரும் உண்ணும் வேளையில் குழந்தையையும் உடனிருத்துங்கள், கறியின் மணத்தை அது அறியட்டும், வற்புறுத்தாதீர்கள். குழாயில் உணவு தென்பட்டாலோ, மூச்சில் களகளவென்ற ஒலி எழுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ வைத்தியரை உடனே நாடுங்கள்.

இவற்றை எடுத்துரைத்தபோது பாட்டியார் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். பேத்தியை மடியில் நிமிர்த்தி அமர்த்தி, “அப்ப நாங்க மெல்லப் பழகுவோம் மகள்” என்றார். அந்தப் பொறுமையும் மருந்துதான்.