படிக்கிற பிள்ளையும் கூலிக்குப் போன பிள்ளையும்

போன மாசம் அக்கா வீட்டில் பஞ்சாயத்து. அக்கா மகள் அரசுக் கல்லூரியில் முதலாண்டு, காலை ஷிப்டு. மதியம் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். மூன்றிலிருந்து ஒன்பது வரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறேன் என்கிறாள். "படிக்கிற புள்ளைக்கு எதுக்குக் கூலி வேல? நான் செத்தா பூட்டேன்?" என்று குதிக்கிறார் அக்கா வீட்டுக்காரர். அக்கா வாயைத் திறக்கவில்லை. "மாமா, மேடையெல்லாம் பேசறீங்க இல்ல, நீங்களே சொல்லுங்க" என்று அந்தப் புள்ள என்னைப் பார்க்கிறது.

தோழர்களே, எனக்குப் பேச்சு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

2003. நான் கல்லூரியில் சேர்ந்த வருசம். விடுமுறை நாட்களில் ஒரு சமையல் மேஸ்திரியோடு பந்தி பரிமாறப் போனேன். ராத்திரிக்கு 80 ரூபாய், சாப்பாடு. டவுன் மண்டபங்களில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் வந்த கல்யாணம் எங்கள் ஊர்த்தெருக்காரர்களுடையது. சாம்பார் வாளியோடு நாலாவது இலைக்குப் போயிருப்பேன். "இவன் காலனிப் பையன்டா" என்றது ஒரு குரல். சத்தமே இல்லாமல் எழுந்து போனார்கள் இரண்டு பேர். மேஸ்திரி வந்தார், வாளியை வாங்கிக்கொண்டார். "நீ எல எடு தம்பி, கோச்சிக்காத" என்றார். எடுத்தேன். கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா, ஊர்ச் சாவுக்கு இனிப் பறையடிக்க மாட்டேன் என்று நிறுத்திய ஆள். அதற்காக அறுவடை வேலை கொடுக்காமல் இரண்டு வருசம் அலையவிட்டார்கள். "எச்சி எல எடுக்கறது என்னோட போவட்டும்னுதாண்டா ஒன்னப் படிக்க வச்சேன். எம் மவன் கூலிக்குப் போவ மாட்டான்!" அம்மா விடவில்லை. "அப்ப பரீட்ச பீஸை எவன் கட்டுவான்? ஒன் ரோசத்தக் கொண்டு போயி ஆபீசுல குடு, ரசீது தர்றானா பாப்போம்." மூன்று நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. அப்பா ஜெயித்தார்.

எப்படி ஜெயித்தார்? பத்தாவது முடித்துவிட்டு வீட்டிலிருந்த அக்காவை, திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் புரோக்கர் ஒருவன் கூட்டிப் போனான். மூன்று வருசம் உள்ளேயே தங்கி வேலை, முடிவில் மொத்தமாக 30,000, கல்யாணச் செலவுக்கு ஆச்சு. 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் வைத்திருந்தார்கள். தாலியைக் காட்டிச் சுரண்டுவதற்கு இந்த நாட்டில் பெயரா கிடைக்காது! மாதாமாதம் அவள் அனுப்பிய சொற்பப் பணத்தில் எனக்குப் பீஸ், நோட்டு, பஸ் பாஸ். நான் இலை எடுக்கவில்லை. அவள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தாள். எம் மவன் கூலிக்குப் போவ மாட்டான் என்று அப்பா சொன்னபோது, மவளைப் பற்றி அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை அப்பாவின் ஆணாதிக்கம் என்று மட்டும் எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. பத்தாவதுக்கு மேலே படிக்கிற தாழ்த்தப்பட்ட மாணவருக்கான உதவித்தொகை 1944-லேயே தொடங்கிய திட்டம். என் முதலாண்டுப் பணம் இரண்டாமாண்டு பாதியில் வந்தது. ரொம்ப காலம் என்ன கணக்கு தெரியுமா? முந்தைய ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருசச் செலவு மொத்தமும் மாநிலத்தின் தலையில், அதற்கு மேலே போனால்தான் மத்திய அரசு தரும். மத்திக்கு 60, மாநிலத்துக்கு 40 என்று பிரிக்க 2020 டிசம்பர் ஆகிவிட்டது. அவர்கள் பங்குச்சண்டை போட்ட வருசங்களில் பீஸ் கட்டியது யார்? கடன் கொடுத்த வட்டிக்காரனும், மில்லுக்குப் போன அக்காக்களும். நாமோ அதை 'வீட்டுச் சண்டை' என்று நினைத்து அப்பனையும் ஆத்தாளையும் திட்டிக்கொண்டிருந்தோம்.

"கலாம் பேப்பர் போட்டுப் படிக்கலையா? உழைச்சிப் படிக்கறதுல என்ன கேவலம்?" என்று உபதேசிக்கிற ஆதிக்கசாதி வாத்தியார்கள் இருக்கிறார்கள். பேப்பர் போடுகிறவனை எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு வாளியைப் பிடுங்குகிறார்களா ஐயா? இன்னொரு பக்கம் நம் தோழர்களே, "கூலிக்குப் போகாதே, படி, அண்ணல் சொன்னது அதுதான்" என்கிறார்கள். சரி. பரோடா மன்னர் அவருக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்ததை எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறோம். இரண்டு பேரையும் படிக்க வைக்கக் காசில்லை என்று அவருடைய அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம்? ஆனந்தராவுக்கு ஒரு படம் எந்தச் சேரியிலாவது மாட்டியிருக்கிறதா? படித்தவனின் கதை நமக்கு மனப்பாடம். அவனுக்காகப் படிப்பை விட்ட பிள்ளையின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதனால்தான் அக்கா மகள் கேட்டபோது என் வாய் அடைத்துப் போனது. போகாதே என்று சொல்ல எனக்கென்ன யோக்கியதை? போ என்று சொன்னால், ஆறு மணி நேரம் உட்கார ஸ்டூல் கொடுக்காத கடையில் நின்றுவிட்டு ராத்திரி பத்து மணிக்கு என்ன படிப்பாள்? 2022-லிருந்து அரசுப்பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு மாசம் 1,000 ரூபாய் என்று திட்டம் வந்தது. நல்லதுதான். அவள் காலேஜுக்குப் போய்வர, மதியம் ஏதாவது வாங்கித் தின்ன, அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். மில் முடிந்து வந்த அந்த 30,000 அவள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. புரோக்கர் கழித்தது போக மிச்சத்தை அப்பா வாங்கினார், அப்பாவிடமிருந்து மாப்பிள்ளை வீடு வாங்கியது. இருபது வருசத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் அதைப் பேசவில்லை. உள்ளே திரும்பி, வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரிச் சொன்னாள்:

"அவ போவட்டும், போவாம இருக்கட்டும். போனா, சம்பளத்த அவ கையிலதான் குடுக்கணும். எந்த ஆம்பளயும் போயி வாங்கக் கூடாது. நீயுந்தான் தம்பி."

அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.