நொடித்தவர் எழக்கூடாதா?

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு கடை பல நாள் திறக்காவிட்டால் தெருவே தீர்ப்பு எழுதிவிடுகிறது: "ஆள் பாப்பராயிட்டார் (நொடித்துவிட்டார்), இனி எழவே முடியாது." தமிழ்நாட்டில் திவாலானதாக மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவரைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பைத் தாங்கி நிற்பவை நான்கு நம்பிக்கைகள். நான்குமே ஆபத்தானவை. அவற்றுக்கு அஞ்சித்தான் பலர் கடனை வீட்டாரிடமே மறைக்கிறார்கள். ஒரு கடனை அடைக்க 'பிளேடு' எனப்படும் கொள்ளை வட்டிக்கு இன்னொன்று வாங்கி மூழ்குகிறார்கள்.

1. "நொடித்தவன் ஊதாரி, இல்லையென்றால் ஏமாற்றுக்காரன்."

அப்படிச் சிலர் உண்டு. ஆனால் மட்டாஞ்சேரி மிளகால் வாழ்ந்த ஊர். மிளகின் விலையை உலகச் சந்தை முடிவு செய்கிறது. 1999 வாக்கில் உச்சத்தில் இருந்த விலை, வியட்நாமின் விளைச்சல் பெருகியதும் சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. கடன் வாங்கிச் சரக்கு அடுக்கியிருந்த வியாபாரி அந்தச் சரிவில் செய்த குற்றம் என்ன? நட்டத்தையும் மோசடியையும் சட்டமே பிரித்துப் பார்க்கிறது. நாம் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

2. "கட்டாவிட்டால் ஜெயில்தான்."

இதற்கு மறுப்பு கொச்சி வங்கி ஒன்றின் வழக்கிலிருந்தே வந்தது. பாங்க் ஆஃப் கொச்சினுக்குக் கடன்பட்டவர்களைச் சிவில் சிறையில் அடைக்கப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1980 பிப்ரவரியில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு தெளிவானது: வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையிலடைப்பது அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு எதிரானது. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுக்கிறார் என்று கடன் கொடுத்தவர்தான் காட்ட வேண்டும். இந்தியா 1979-இல் ஏற்ற பன்னாட்டு மனித உரிமை உடன்படிக்கையையும் தீர்ப்பு துணைக்கு அழைத்தது. காசோலை திரும்பிய வழக்கு மட்டும் வேறு. அது குற்றவியல் வழக்கு. அதை அலட்சியம் செய்யக்கூடாது.

3. "உடுத்திய துணிவரை பிடுங்கிவிடுவார்கள்."

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவிகள், வருங்கால வைப்பு நிதி, கூலித் தொழிலாளியின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் பொதுவாகத் தொட முடியாது. அடமானம் வைத்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் கைமாற்றுக் கடனை அடைக்க வீட்டை அடமானம் வைப்பது பெரும் தவறாகிறது.

4. "நொடித்தவன் என்ற முத்திரை சாகும்வரை போகாது."

அரசமைப்பின் 102-ஆம் பிரிவு, கடனிலிருந்து விடுவிக்கப்படாத நொடித்தவரை மட்டுமே நாடாளுமன்ற உறுப்பினராகத் தகுதியற்றவராக்குகிறது. நீதிமன்றம் விடுவித்துவிட்டால் அந்தத் தடை நீங்கும். 2016-ஆம் ஆண்டின் புதிய திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்கள் கேரளத்தில் 1955-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தையே நாட வேண்டும். அரசுக்குக் கட்ட வேண்டியதும் மோசடியால் வந்த கடனும் விடுதலைக்குப் பின்னும் தொடரும்.

சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் கறை சில ஆண்டுகள் நிற்கத்தான் செய்யும். ஆனால் ஒழுங்காகக் கட்டும் ஒவ்வொரு தவணையும் அதே பதிவில் ஏறுகிறது. முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். அதில் உள்ள பிழையைப் புகார் தந்த 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

எழுவதற்கு முதல் படி புதுக்கடன் அல்ல, சேமிப்பு. கேரள அரசு 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ திட்டத்தின் அயல்கூட்டங்களில் (அக்கம்பக்கக் குழுக்களில்) பெண்கள் வாராவாரம் சிறு தொகை சேர்த்து, அதிலிருந்தே தமக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். வட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமலிருப்பதே பொருளாதார விடுதலையின் தொடக்கம்.

கடன் கழுத்தை இறுக்குகிறதா? யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள், வீட்டாரிடம் காட்டுங்கள், சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். அடுத்த பிளேடு கடனுக்குக் கையெழுத்திடும் முன்பே அங்கே போய்விடுங்கள்.