விளையாட்டுக் கணிப்பொறி வாங்கப் போகிறீர்களா?



"பிள்ளை விளையாடுவதற்குக் கணிப்பொறி கேட்கிறான் ஹஜ்ரத், நாற்பதாயிரத்தில் முடியுமா?" என்று இப்போதெல்லாம் உம்மாமார்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதைப் பிறிதொரு மாதம் பேசிக்கொள்வோம். வாங்குவதென்று வீட்டில் முடிவான பிறகு அந்தப் பணம் பாழாகக் கூடாதே என்பதுதான் இம்மாதக் கவலை. அது வாப்பா வளைகுடா வெயிலில் நின்று அனுப்பிய பணம். அல்லது உம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். இரண்டாம் தடவை கிடைக்காது.

பெரியதாழை, மணப்பாடு, உடன்குடி போன்ற நம் கரையோர ஊர்களில் பாகம் பாகமாகப் பார்த்துத் தெரிவு செய்யும் வசதி குறைவு. ஆகவே நம் இளைஞர்கள் திருச்செந்தூரில் செந்தூர் விரைவு வண்டி ஏறிச் சென்னைக்குப் போகிறார்கள். அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் ரிச்சி தெருதான் அவர்களுடைய இலக்கு. ஒரு காலத்தில் வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றிருந்த அத்தெருவில் இன்று எதிர்ப்படுவன கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே ஐந்தாறு விசிறிகள், ஒவ்வொன்றிலும் வானவில் விளக்குகள். பையனின் கண் அங்கேயே நின்றுவிடும். அந்த விளக்குகள் விளையாட்டின் வேகத்தை அணுவளவும் கூட்டுவதில்லை என்பதை ரயில் ஏறுமுன்பே அவனிடம் சொல்லி அனுப்புங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பதே. சாதாரண 1080பி திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் ஏறத்தாழ இருபது லட்சத்து எழுபதாயிரம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் அதைப் போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியையும் வினாடிக்குப் பல முறை வரைந்தாக வேண்டும். புள்ளி கூடக் கூடச் செலவும் கூடும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வினாடிக்கு அறுபது படங்களையே காட்டும். நூற்றைம்பது படங்கள் வரையும் கார்டை வாங்கி அதில் மாட்டுவது, மாட்டு வண்டிக்கு விமான எஞ்சின் பூட்டுவது போன்றது.

சிறிய தொகையில் வாங்குவோருக்கு என் பரிந்துரை, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே தொடங்குவது. 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர்களுக்கு உள்ளேயே கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. வாலரன்ட், மைன்கிராஃப்ட் முதலியவை அதில் தாராளமாக ஓடும். பெரிய விளையாட்டுகளுக்குக் காட்சித் தரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இவ்வகைப் பிராசசர் ரேமையே கிராபிக்ஸ் நினைவகமாகவும் பயன்படுத்துவதால், 16 ஜிபி ஒற்றைத் துண்டு வாங்காமல் 8 ஜிபி இரண்டு வாங்கி இரு தடங்களிலும் போட வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாததனாலேயே "மெதுவாக ஓடுகிறது" என்று புலம்புவோர் பலர். 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிய காரணத்தால், கடைக்காரர் ஒற்றைத் துண்டோடு நிறுத்தப் பார்ப்பார், விடாதீர்கள்.

இன்டெல் பக்கம் போனால் பெயரின் கடைசி எழுத்தைப் படியுங்கள். கோர் ஐ3 12100எஃப் என்பதில் வரும் 'எஃப்', உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதற்கான அடையாளம். விலை குறைவு என்று அதை மட்டும் வாங்கி வந்தால் திரையில் எதுவுமே தோன்றாது! தனி கார்டும் வாங்குவோருக்கு மட்டுமே அது சிக்கனம்.

பழைய கார்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். இதேரியம் நாணயம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்டுவதற்கு இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஓட்டிப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். அலுவலகங்கள் கழித்த பழைய கணிப்பொறி மலிவுதான். எனினும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தியது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இனி, கடைக்காரரும் பையனும் பேசவே பேசாத ஒரு பாகத்துக்கு வருவோம்: எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. பெரியதாழையில் மீன்பிடிக் குடும்பத்து இளைஞர் ஒருவர் ஆசையாசையாய் ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கி வந்தார். எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசமாம். மழைக்காலத்து மாலையொன்றில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒரு தடவை வேகமாக வந்ததில் மின்வழங்கி கருகியது. தான் மட்டும் போயிருந்தால் சிறு நஷ்டம். மதர்போர்டையும் ரேமையும் உடன் அழைத்துச் சென்றுவிட்டது. கடலுக்குப் போய் மிச்சம் பிடித்த தந்தையின் பல மாதச் சேமிப்பு அது.

தரமான மின்வழங்கியில் மின்னழுத்தம் எல்லை மீறினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் காப்பு அமைப்பு இருக்கும். மலிவானதில் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். மேலே '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பாமல், பக்கவாட்டுச் சீட்டில் +12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்குள்ள ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட். இது நாணயமான 450 வாட் பொருள். 20 ஆம்பியர்தான் என்றால் 240 வாட். பெரிய எழுத்து பொய் சொல்கிறது. '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் வீணாகாமையைக் குறிப்பது. காப்புக்கு அது முழு உத்தரவாதமன்று, ஆயினும் இல்லாததை விட மேல். நான் சொன்ன பிராசசர் 65 வாட் ரகம். பின்னாளில் ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற 75 வாட் கார்டைச் சேர்த்தாலும் நல்ல 450 வாட் மின்வழங்கி தாராளம்.

நம் ஊருக்கென்று இன்னொரு பகை உண்டு: உப்புக் காற்று. ஜன்னல் கம்பியை அரிப்பது ரேமின் பொன்னிறப் பற்களை விட்டுவைக்குமா? காற்றிலுள்ள உப்பு தூசியோடு படிந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கசியவிடும். ஆகவே வடிகட்டி வலையுள்ள எளிய கேபினெட்டே போதும். கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். பல நாள் அணைத்தே வைப்பதை விட, அவ்வப்போது ஓடவிட்டால் உட்சூட்டில் ஈரம் தங்காது. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பார்த்துவிட்டு, 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றையும் கணக்கில் சேருங்கள். விளக்குப் பெட்டிக்குக் கேட்ட பணத்தில் பெரும்பகுதி இதற்குச் சரியாகிவிடும்.

வாங்கும்போது ஜி.எஸ்.டி. ரசீதைக் கேளுங்கள், "பில் இல்லாமல் குறைவு" என்பதற்கு இணங்கினால் உத்தரவாதத்தைக் கோருவதற்குச் சான்று இராது. ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் இருக்கட்டும். அட்டைப் பெட்டிகளையும் எறியாமல் பரணில் வையுங்கள். பின்னொரு நாள் தனி கார்டு வாங்கி மாட்டினால், மானிட்டர் வயரைப் பழைய துளையிலிருந்து எடுத்துப் புதிய கார்டின் துளையில் செருக வேண்டும். மறந்தால் கார்டு சும்மா கிடக்கும், பழைய வேகமே இருக்கும்.